ஆல்டரும் ஸ்புரூஸும்: ஒரே சுரங்க மேடு, இரண்டு பாக்டீரியா உலகங்கள்

செக் குடியரசின் மேற்கு மூலையில் சோகோலோவ் என்றொரு நகரம் இருக்கிறது. அதைச் சுற்றிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள். சுரங்கங்களை ஒட்டி, தோண்டிக் கொட்டிய மண்ணின் மேடுகள். அந்த மேடுகளில் ஒன்றில் ஆல்டர் என்ற அகன்ற இலை மரங்கள் நிற்கும் பகுதியில் மண்வெட்டியைப் போட்டால் மேலே கிடக்கும் சருகு மெல்லியதாக இருக்கிறது. அதன் கீழே சில சென்டிமீட்டருக்குக் கருமையான, உதிரியான மண். விரல்களுக்கிடையே நசுக்கினால் சிறு சிறு உருண்டைகளாக உடைகிறது. மண்புழு எச்சம்தான் அது. அதே மேட்டில், அதே களிமண்ணில், கிட்டத்தட்ட அதே ஆண்டுகளில் நடப்பட்ட ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்களின் அடியில் வெட்டினால் கதை வேறு. ஊசியிலைகள் பாய் விரித்ததுபோல் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பின்னியிருப்பது வெள்ளைப் பூஞ்சை இழைகள். அந்தப் பாயைத் தூக்கினால் நேரடியாகச் சாம்பல் நிறக் களிமண். சருகும் மண்ணும் பல ஆண்டுகள் அருகருகே இருந்தும் கலக்கவே இல்லை.

இரண்டு இடத்திலும் மரம் நட்டிருக்கிறார்கள். இரண்டும் ‘மீட்கப்பட்ட நிலம்’ என்ற ஒரே கணக்கில்தான் சேரும். மண்ணுக்குள் வாழும் பாக்டீரியாவைக் கேட்டால் இவை இரண்டும் ஒரே நிலம் என்று ஒப்புக்கொள்ளாது. மரம் நடுவது மண் பாக்டீரியாவை எப்படி மாற்றுகிறது என்ற கேள்விக்கு நான் சோகோலோவை எடுத்துக்கொண்டதற்கு இதுவே காரணம். கேள்வியில் ‘மரம்’ என்று ஒருமையில் சொல்வதே தவறு என்று இந்த மேடு காட்டிவிடுகிறது.

மேட்டின் பூர்வீகம்

நிலக்கரிப் படிவத்தின்மேல் படிந்திருந்த, டைனோசர்களுக்குப் பிந்தைய டெர்ஷியரி காலக் களிமண்ணை அள்ளிக் குவித்த இடம் இது. கடல் மட்டத்திலிருந்து 500 முதல் 600 மீட்டர் உயரம். ஆண்டுக்கு ஏறத்தாழ 650 மில்லிமீட்டர் மழை. சராசரி வெப்பநிலை 7 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. ஆழத்திலிருந்து வந்த அந்தக் களிமண் காரத்தன்மை கொண்டது. கொட்டிய புதிதில் அதன் பி.எச். (அமில-கார அளவுகோல், 7 நடுநிலை) 8-ஐ ஒட்டி இருக்கும். கரிமம் அதில் இல்லாமல் இல்லை. ஆனால் அது ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பு புதைந்த பாசிகளும் தாவரங்களும் இறுகிப்போன புதைபடிவக் கரிமம். பாக்டீரியாவுக்கு அது பூட்டிய பெட்டி மாதிரி. உள்ளே சொத்து உண்டு, சாவி எளிதில் கிடைக்காது.

மேட்டின் சில பகுதிகளைச் சமப்படுத்தி, மேல்மண் எதுவும் பரப்பாமல், ஒவ்வொரு பகுதியிலும் ஒரே வகை மரத்தை நட்டார்கள்: ஆல்டர், லிண்டன், ஓக், லார்ச், ஸ்புரூஸ், பைன். வேறு சில பகுதிகளைச் சமப்படுத்தக்கூட இல்லை, கொட்டியது கொட்டியபடி விட்டுவிட்டார்கள். அங்கே வில்லோ, பிர்ச், ஆஸ்பென் ஆகியவை தாமாகவே முளைத்து வந்தன.

இந்த ஏற்பாட்டின் அருமையை மண் ஆய்வில் இருப்பவர்கள் உடனே உணர்வார்கள். இயற்கைக் காட்டில் ஸ்புரூஸ் மரத்தடி மண் அமிலமாக இருந்தால், அது ஸ்புரூஸ் செய்த வேலையா, அமில மண்ணாக இருந்ததால்தான் ஸ்புரூஸ் அங்கே வளர்ந்ததா என்று பிரித்தறிய முடியாது. சோகோலோவில் அந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிடுகிறது. களிமண் ஒன்று, மழை ஒன்று, வயது ஏறக்குறைய ஒன்று. மாறியது மரம் மட்டும். யான் ஃப்ரௌஸ் என்ற மண்ணுயிரியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இந்த மேடுகளைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து அளந்து வந்திருக்கிறார்கள். பிராகில் உள்ள நுண்ணுயிரியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பெட்டர் பால்ட்ரியான் குழு அதே மண்ணின் பூஞ்சைகளையும் பாக்டீரியாவையும் மரபணு வரிசை வழியாகப் படித்தது.

மரம் வருவதற்கு முன்பு

ஆழத்திலிருந்து தோண்டிய மண் கிருமிகளே இல்லாத வெற்று மண் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எண்ணிக்கையில் குறைவு, அவ்வளவுதான். நல்ல காட்டு மண்ணில் ஒரு கிராமுக்குள் நூறு கோடி அளவில் பாக்டீரியா இருக்கும். சுரங்கக் கழிவு மண்ணில் அதில் சிறு பங்குதான் இருக்கும். ஆனாலும் காற்றில் வரும் தூசி, மழைத்துளி, பறவையின் கால், நாற்றங்காலிலிருந்து கன்றின் வேரோடு ஒட்டிவந்த ஒரு பிடி மண் என எல்லா வழியிலும் புதியவை வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். டச்சு நுண்ணுயிரியலாளர் பாஸ் பெக்கிங் 1934-இல் சொன்ன வரி இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: எல்லாம் எங்கும் இருக்கின்றன, ஆனால் சூழல் தேர்ந்தெடுக்கிறது. முதல் பாதியைப் பற்றிச் சண்டை ஓயவில்லை. இரண்டாம் பாதியை இந்த மேடு நன்றாகவே மெய்ப்பிக்கிறது.

எனவே வெற்று மேட்டில் பஞ்சம் பாக்டீரியாவுக்கு அல்ல, அவற்றின் உணவுக்கு. புதிய கரிமமும் நைட்ரஜனும்தான் இல்லை. சீர்கெட்ட நிலத்தில் தூவ பாக்டீரியாப் பொடியைப் பொட்டலம் கட்டி விற்பவர்களைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது, உலை வைக்காத வீட்டுக்கு விருந்தாளிகளை அழைத்த கதைதான். வந்தவர்கள் என்ன செய்வார்கள்? கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆல்டர் என்ன செய்கிறது

ஆல்டர் கன்றை வேரோடு பிடுங்கிக் கழுவினால், வேரில் பவளக்கொத்து மாதிரிச் சிறு உருண்டைகள் திரண்டிருப்பதைப் பார்க்கலாம். அவரைக் குடும்பத்துச் செடிகளின் வேர் முடிச்சு போலத் தோன்றினாலும் இவை வேறு. உள்ளே குடியிருப்பது அவரை முடிச்சில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா அல்ல, ஃபிராங்கியா. இழை இழையாக வளரும் ஆக்டினோபாக்டீரியா வகை அது. முடிச்சு ஆண்டுதோறும் கிளைத்துப் பருக்கும். வயதான மரத்தில் எலுமிச்சை அளவுக்குக்கூடத் திரண்டிருக்கும். இந்தப் பாக்டீரியாவைச் செடியிலிருந்து பிரித்துத் தனியாக வளர்ப்பது லேசில் கைகூடவில்லை. பல பத்தாண்டுத் தோல்விகளுக்குப் பிறகு 1978-இல்தான் அது சாத்தியமாயிற்று, அதுவும் ஆல்டரிலிருந்து அல்ல, காம்ப்டோனியா என்ற புதர்ச்செடியின் முடிச்சிலிருந்து.

ஃபிராங்கியா காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் ஆல்டருக்கு நைட்ரஜன் என்றால் தாராளம். அந்தத் தாராளம் இலையுதிர் காலத்தில் தெரியும். மற்ற மரங்கள் இலையை உதிர்க்கும் முன்பு அதிலுள்ள நைட்ரஜனைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இலை மஞ்சளாவது அதனால்தான். ஆல்டர் அந்தச் சிக்கனத்தைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. பச்சையாகவே உதிர்த்துவிடுகிறது. மேட்டின் மேல் விழுவது வெறும் சருகு அல்ல, ஏறக்குறைய பசுந்தாள் உரம்.

சருகில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு எத்தனை பங்கு கரிமம் என்ற விகிதம் பாக்டீரியாவுக்கு உயிர்நாடி. ஆல்டர் சருகில் அது பெரும்பாலும் 20-க்குக் கீழே இருக்கும். ஸ்புரூஸ், பைன் ஊசிகளில் 40-ஐத் தாண்டுவது வழக்கம். விகிதம் ஏறத்தாழ 25-க்கு மேல் போனால், சருகைத் தின்னும் நுண்ணுயிர்கள் தம் உடலைக் கட்டத் தேவையான நைட்ரஜனைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும். மண் மேலும் வறுமையாகும். கீழே போனால் மிச்ச நைட்ரஜனை மண்ணுக்குள் விட்டுவிடும். அப்போது அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றிப் பிழைக்கும் பாக்டீரியா கூட்டம் பெருகும். ஒரு மரத்தின் கஞ்சத்தனமோ தாராளமோ, நேரே கீழே வாழும் பாக்டீரியாவின் தொழிலையே தீர்மானிக்கிறது.

ஆனால் சோகோலோவ் எனக்குக் கற்றுக்கொடுத்த பெரிய விஷயம் நைட்ரஜன் அல்ல. லிண்டனுக்கு ஃபிராங்கியா கிடையாது. இருந்தும் லிண்டன் அடியில் உள்ள மண் ஆல்டர் மண்ணைப் போலவே கருமையாகக் கலந்திருக்கிறது. இதற்கு விடை மண்புழுவில் இருக்கிறது.

நடுவில் ஒரு புழு

மண்புழுவுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதன் உடலில் கால்சியம் கார்பனேட்டைச் சுரப்பதற்கென்றே சுரப்பிகள் இருக்கின்றன. லிண்டன் இலையில் கால்சியம் அதிகம். பைன் ஊசியில் குறைவு. போலந்தில் சியெமியானிட்ஸே என்ற இடத்தில் 1970-களின் தொடக்கத்தில் 14 வகை மரங்களை அருகருகே நட்ட ஒரு சோதனைக் காடு இருக்கிறது. அது சுரங்க நிலம் அல்ல, சாதாரண மண். அங்கே செய்து 2005-இல் வெளியான ஆய்வு, சருகில் கால்சியம் கூடக்கூட மண்புழு கூடுகிறது, மண்ணின் பி.எச். உயர்கிறது, மேல் சருகு அடுக்கு மெலிகிறது என்று காட்டியது. அகன்ற இலை மரமா ஊசியிலை மரமா என்ற பழைய பிரிவினையைவிடக் கால்சியம் நல்ல அளவுகோலாக இருந்தது.

சோகோலோவில் ஃப்ரௌஸ் குழு கண்டதும் இதே போக்குதான். ஆல்டர், லிண்டன் பகுதிகளில் புழுக்கள் சருகை இழுத்துக் களிமண்ணோடு பிசைந்து கலக்கின்றன. மண்ணில் தங்கும் கரிமமும் அங்கேதான் அதிகம். பைன், ஸ்புரூஸ் பகுதிகளில் புழு அரிது. அங்கே சருகைக் கையாள்வது மண்ணில் வாழும் நுண்ணிய உண்ணிகளும், வாலால் உந்தித் துள்ளும் சிறு பூச்சிகளும். அவை சருகைத் துண்டாக்கும், கீழே இழுத்துச் செல்லாது.

பாக்டீரியாவின் பக்கத்திலிருந்து பார்த்தால் புழுவின் குடல் ஓர் ஆலை. சருகுத் துண்டு, களிமண் துகள், சளி, நீர் எல்லாம் ஒன்றாக அரைபட்டு வெளியேறும்போது, ஒவ்வொரு எச்ச உருண்டைக்குள்ளும் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உருவாகியிருக்கும். சில துளைகளின் வாய் சில மைக்ரோமீட்டர்தான். பாக்டீரியா நுழையலாம், அதை வேட்டையாடும் புரோட்டோசோவா என்ற ஒற்றைச் செல் உயிரும் நூற்புழுவும் நுழைய முடியாது. உருண்டையின் வெளிப்புறத்தில் ஆக்சிஜன் உண்டு, மையத்தில் பெரும்பாலும் இருக்காது. எனவே ஒரே உருண்டைக்குள் காற்று விரும்பிகளும் காற்று வேண்டாதவையும் சில மில்லிமீட்டர் இடைவெளியில் குடித்தனம் நடத்துகின்றன. ஸ்புரூஸ் அடியில் இந்த வீடுகளே கட்டப்படுவதில்லை. பூஞ்சை இழை ஓடுவதற்கு ஏற்ற பாய் மட்டும் இருக்கிறது.

ஊசியிலைச் சருகின் அமிலமும் ஃபீனால் சேர்மங்களும் வேறொரு கூட்டத்துக்கு வழிவிடுகின்றன. அமிலத்தில் செழிக்கும் அசிடோபாக்டீரியா வகைகள் அதில் முக்கியமானவை. இந்தப் பெருங்குழுவில் முதன்முதலில் பெயரிடப்பட்ட இனம் கிடைத்ததே ஒரு சுரங்கத்தின் அமிலக் கசிவு நீரிலிருந்துதான், 1991-இல். அதற்கு முன்பு இப்படியொரு குழு இருப்பதையே நாம் அறிந்திருக்கவில்லை. இத்தனைக்கும் பல காட்டு மண்களில் எண்ணிக்கையில் முன்வரிசையில் நிற்பது அதுதான்.

மரத்தை மதிக்கும் பூஞ்சை, வேதியியலை மதிக்கும் பாக்டீரியா

பால்ட்ரியான் குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வில், சோகோலோவ் மேட்டின் 7 வகை மரங்களின் கீழிருந்து சருகும் மண்ணும் எடுத்துப் பூஞ்சை, பாக்டீரியா இரண்டின் மரபணுக்களையும் படித்தார்கள். பூஞ்சைக் கூட்டத்தைப் பார்த்தாலே அது எந்த மரத்தடி என்று சொல்லிவிடலாம் என்கிற அளவுக்கு மரத்தின் முத்திரை பலமாக இருந்தது. பாக்டீரியாவிலும் மரத்தின் முத்திரை உண்டு, ஆனால் மங்கலாக. பி.எச். போன்ற மண் குணங்கள் அங்கே கூடுதலாகக் குறுக்கிட்டன.

இது வியப்பல்ல. பூஞ்சைகளில் பல, வேரோடு நேரடிக் கூட்டாளிகள். கூட்டாளிக்குக் கூட்டாளி யார் என்பது முக்கியம். ஃபிராங்கியா போன்ற சிலவற்றைத் தவிர, மண்ணில் தனித்து வாழும் பாக்டீரியாவுக்கு மரத்தின் பெயர் தேவையில்லை. மண் எவ்வளவு அமிலம், என்ன சாப்பாடு, எவ்வளவு ஈரம் என்பதே அவற்றின் கவலை. ஆய்வாளர்களான ஃபீரரும் ஜாக்சனும் வட, தென் அமெரிக்காவின் 98 மண் மாதிரிகளை ஒப்பிட்டு 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முன்பே அடித்தளம் போட்டுவிட்டது. வெப்பமோ மழையோ அல்ல, பி.எச். அளவுதான் பாக்டீரியாவின் வகைப் பன்மையை மிக நன்றாகக் கணித்தது. நடுநிலைக்கு அருகே பன்மை உச்சம், அமில மண்ணில் சரிவு.

என் தீர்ப்பு இதுதான்: சீர்படுத்திய நிலத்தில் மரம் பாக்டீரியாவுக்கு வீட்டுக்காரர் அல்ல, சமையல்காரர். சருகு, கால்சியம், அமிலம், புழு என்ற சுற்றுவழியில்தான் அதன் ஆணை போய்ச் சேருகிறது. சுற்றுவழி என்பதால் நேரமும் பிடிக்கிறது. நட்ட மூன்றாம் ஆண்டில் மண் மாதிரி எடுத்து ‘பாக்டீரியா மாறவில்லை’ என்று அறிக்கை எழுதுபவர்கள் சுற்றி முடியாத வழியின் நடுவில் நின்று அளக்கிறார்கள். நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை மட்டும் சொல்லி முடிக்கும் அறிக்கைகள் அந்த வழியில் காலெடுத்து வைக்கவே இல்லை.

ஆல்டரைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் வேண்டாம். அம்மோனியம் நைட்ரேட்டாகும் ஒவ்வொரு முறையும் மண்ணில் அமிலம் சேர்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிவப்பு ஆல்டர்த் தோப்பையும் பக்கத்து டக்ளஸ் ஃபிர் என்ற ஊசியிலை மரக் காட்டையும் ஒப்பிட்ட 1980-களின் ஆய்வுகளில், ஆல்டர் அடியில்தான் மண் கூடுதலாக அமிலமாகியிருந்தது; நைட்ரேட் நீரோடு கசிந்து கால்சியத்தையும் இழுத்துச் சென்றது. சோகோலோவின் காரக் களிமண் இந்த அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே அமிலமான சுரங்கக் கழிவில் அதே மரம் அதே நன்மையைத் தரும் என்று யாரும் உறுதி கூற முடியாது.

எண்களைப் படிக்கும்போது

இங்கே சில பள்ளங்கள் இருக்கின்றன, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மண்ணிலிருந்து எடுக்கும் டி.என்.ஏ. எல்லாம் உயிரோடு இருக்கும் பாக்டீரியாவுடையது அல்ல. பல வகை மண்களை ஆராய்ந்த 2016-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், சராசரியாக 40 விழுக்காடு இறந்த செல்களின் எச்சம் என்று தெரிந்தது. உயிருள்ள அளவை அறியச் செல் சவ்வின் கொழுப்பமிலங்களை அளப்பது மேல். அடுத்தது, மரபணு ஆய்வு தருவது பங்குகளை மட்டுமே. ஒரு குழு 20 விழுக்காட்டிலிருந்து 10-க்கு இறங்கியிருந்தாலும், மொத்தக் கூட்டம் நான்கு மடங்காகியிருந்தால் அந்தக் குழு உண்மையில் இரட்டிப்பாகியிருக்கிறது. இன்னொன்று இந்த மேட்டுக்கே உரியது: மொத்தக் கரிமத்தை அளந்தால் அதில் புதைபடிவக் கரிமமும் சேர்ந்துவிடும், மரம் செய்யாத வேலைக்கும் மரத்துக்குப் பெயர் கிடைத்துவிடும். பன்மை கூடினால் மண் நலமடைந்தது என்பதும் அவசரம். ஸ்புரூஸ் அடியில் பன்மை குறைந்தாலும் அந்தக் காட்டுக்கு அது இயல்பான நிலைதான்.

எந்த மரமானாலும் மண் இறுகியிருந்தால் கதை தொடங்குவதே இல்லை. அமெரிக்காவில் 1977-இல் வந்த சுரங்க மீட்புச் சட்டத்துக்குப் பிறகு, நிலத்தைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரக் கனரக வண்டிகளை ஓட்டி ஓட்டி மண்ணைக் கல்லாக்கிவிட்டார்கள். மேடு சரியாமல் நின்றது, மரம் வளரவில்லை. நீர் தேங்கும் இறுகிய மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்து, நைட்ரேட்டை மீண்டும் வாயுவாக்கிப் பறக்கவிடும் பாக்டீரியாவுக்குத்தான் ஆதாயம். கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் காடு வளர்ப்பு வல்லுநர்கள் பின்னர் வகுத்த முறையின் முதல் இரண்டு விதிகளே, குறைந்தது 1.2 மீட்டர் ஆழத்துக்கு வேர் பிடிக்க ஏற்ற மண் வேண்டும், அதை இறுக்கக் கூடாது என்பவைதான்.

நடாமல் விட்ட பகுதி

சோகோலோவில் கொட்டியபடி விட்ட பகுதி சமதளம் அல்ல. வரிசை வரிசையாக முகடும் பள்ளமுமாக, உறைந்த அலை மாதிரி இருக்கிறது. வண்டி ஏறி இறுக்கவில்லை என்பதால் மண் தளர்வானது. முதல் பத்தாண்டு பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அங்கங்கே புல், சில வில்லோக் கன்றுகள். நட்ட ஆல்டர்ப் பகுதி அதற்குள் பசுமையாகியிருக்கும். 14 முதல் 20 ஆண்டு வயதில் வில்லோவும் பிர்ச்சும் புதராக அடர்கின்றன, சருகைக் காற்று பள்ளத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. புழு இன்னும் வரவில்லை என்பதால் பள்ளத்தில் சருகு பாதி மட்கிய அடுக்காகக் குவிகிறது. அந்த நிலையில் ஆய்வாளர் ஒருவர் மண்ணை எடுத்துப் பார்த்தால் ஸ்புரூஸ் அடி மண்ணையே நினைத்துக்கொள்வார்.

ஏறத்தாழ 25 ஆண்டு ஆகும்போது மண்புழுக்கள் வந்து சேர்கின்றன. வந்த சில ஆண்டுகளில் குவிந்து கிடந்த அடுக்கு கரைந்து காணாமல் போகிறது, களிமண்ணின் மேற்பகுதி கறுக்கிறது, நசுக்கினால் உருண்டைகளாக உடைகிறது. அங்கே ஒரு கன்றுகூட யாரும் நடவில்லை. ஸ்புரூஸ் நட்ட பகுதியில் அதே வயதில் பாய் இன்னும் அப்படியே கிடக்கிறது.